குனியாத தொழுகை

கலியாணம் முடிந்து பெண் வீட்டுக்குப் போன அன்று என்னை முதலில் படித்தது மச்சானின் கைதான். எங்கள் கல்முனைப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. மனைவியின் காக்கா, அவளுடைய அண்ணன், அந்த வீட்டிலேயே இருந்தார். பிறவியில் காது கேளாது. இருபது வயதில் கண்ணும் மங்கத் தொடங்கி, நான் போன நேரம் முழுதாக அணைந்திருந்தது. கதிரையில் இருந்தபடி கையை நீட்டினார். கொடுத்தேன். விரல் விரலாகத் தடவினார். நான் மேசன். சீமெந்து தின்ற கை. வெடிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டு மூக்கில் வைத்து மணந்தார். பிறகு தன் உள்ளங்கையைக் கட்டைவிரலால் சுரண்டிக் காட்டினார். கதவுக்குப் பின்னால் மனைவி சிரித்தாள்.

“சீமெந்து எண்டு பேர் வெச்சிட்டார் காக்கா. இனி உங்களுக்கு அதுதான் பேர்.”

அந்த வீட்டில் எல்லாருக்கும் அப்படி ஒரு பேர் இருந்தது. மாமிக்கு, மணிக்கட்டில் காப்பைச் சுற்றுவது. என் மனைவிக்கு, காது நுனியில் ஒரு கிள்ளு. மாமியின் தம்பி, பெரிய மாமா என்போம், அவருக்கு வயிற்றில் ஒரு தட்டு. அவருக்கு அது பிடிக்காது. “இவன் என்னடா, எப்ப பாத்தாலும் என்ட வயித்துல தட்டுறான்” என்று கத்துவார். மச்சானுக்குக் கேட்காது. இன்னும் இரண்டு தட்டு விழும். கண் இருந்த காலத்தில் வீட்டார் காட்டிய சைகைகளைத்தான் பிறகு அவர் தொட்டுப் படித்தார். நாம் காட்டும்போது அவருடைய இரண்டு கையும் நம் கைமேல் இருக்கும். மழை, சோறு, காசு, சண்டை எல்லாம் அதற்குள் வரும். எனக்குப் பழக ஆறு மாதம் போனது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத்து வராத கைக்கு அந்தக் கைப்பேச்சு வந்தது.

பள்ளிவாசலுக்கு நான்தான் கூட்டிப் போவேன். வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்போம். இமாமின் குரல் அவருக்கு என் தோள் வழியாகத்தான் போனது. என் தோள் இறங்கினால் அவர் குனிவார். இன்னும் இறங்கினால் நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூதுக்குப் போவார். ஒருமுறை எனக்குத் தும்மல் வந்து தோள் ஆடிவிட்டது. அவர் பாதி குனிந்துவிட்டார். வெளியில் வந்ததும் என் முதுகில் ஓர் அடி. பிறகு இரண்டு பேரும் செருப்பைத் தேடாமல் நின்று சிரித்தோம். அந்த நாட்களை இப்போது நினைத்தால் மனம் அங்கேயே நின்றுவிடப் பார்க்கிறது.

மாமி ஆசுபத்திரியில் மௌத்தானது ஒரு விடியற்காலை. மையத்து, மாமியின் உடல், வீட்டுக்கு வருவதற்கு முன்பே பெரிய மாமா என்னைக் கூப்பிட்டார்.

“மருமகன், அவனுக்கு இப்ப சொல்லாதீங்க. அவன் கத்தத் தொடங்கினா ஆராலயும் அடக்கேலா. நாப்பதாம் நாள் கழியட்டும். உங்கட உம்மா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

மனைவி அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். கூட்டிப் போனேன். எல்லாரும் இரக்கப்பட்டுத்தான் செய்தோம். அந்த இரக்கத்தில் எங்களுக்கும் ஒரு வசதி இருந்தது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

லுஹர், நடுப்பகல் தொழுகையின் நேரம், மச்சானுக்குத் தெரியும். அவருடைய கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து முள்ளைத் தொடலாம். என் கையைப் பிடித்து இழுத்தார். மாமியை அடக்கும் முன் தொழுகிற ஜனாஸாத் தொழுகையை லுஹருக்குப் பிறகு வைத்திருந்தார்கள். மருமகன் நான் போகாமல் முடியாது. அவரைத் தனியே விடவும் முடியாது. ஒன்றும் தெரியவராது என்று நினைத்துக் கூட்டிப் போனேன்.

லுஹர் முடிந்தது. திரும்பவும் வரிசை கட்டினார்கள். தோள் ஒட்டி நின்றார். ஜனாஸாத் தொழுகையில் குனிதல் இல்லை, சுஜூது இல்லை. நின்றபடியே முடிந்துவிடும். அவர் என் தோள் இறங்கும் என்று காத்து நின்றார். இறங்கவில்லை. என் முழங்கை மட்டும் நாலு தரம் உயர்ந்தது. ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் என் கையைப் பிடித்து, உள்ளங்கைமேல் உள்ளங்கையைப் படுக்க வைத்தார். மையத்து. பிறகு விரலை உயர்த்தினார். ஆரு?

நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தூரத்துத் தெரு, வயதான பெண், உங்களுக்குத் தெரியாத ஆள் என்று காட்டினேன்.

அடக்கம் செய்கிற மையவாடிக்கும் வருவேன் என்றார். ஜனாஸாவோடு போவது நன்மை என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே மாமிதான். மையத்தை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கவும் தோள் கொடுத்தார். ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். கடற்கரை மணல். குனிந்து மூன்று பிடி அள்ளிக் குழிக்குள் போட்டார். திரும்பி வரும்போது என் கையை எடுத்துக் கேட்டார்.

“பிள்ளையள் இருக்கா?”

“ஓம்.”

“ஆம்பிளப் பிள்ளை?”

“ஓம். ஒண்டு.”

“வந்தானா?”

“ஓம்” என்று காட்டினேன். “வந்தார்.”

நல்லது என்று தலையை ஆட்டினார்.

பின்னேரம் என் உம்மா வீட்டில் நிற்க மாட்டேன் என்று தன் வீட்டுக்கு வந்து நேரே மாமியின் கட்டிலுக்குப் போனார். மெத்தை சுருட்டியிருந்தது. பலகையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தடவினார். பிறகு தங்கச்சியை, என் மனைவியை, தேடிப் பிடித்தார். அவள் அவர்மேல் விழுந்து அழுதாள். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் காட்டத் தேவைப்படவில்லை. நாங்கள் பயந்த அந்தக் கத்தல் வந்தது. தெருவே கேட்டது. ஓய்ந்த பிறகு என்னிடம் வந்தார். என் கையை எடுத்து, ‘வந்தானா?’ என்று திரும்பவும் கேட்டார். சுமையை இறக்குகிற மாதிரி என் கையைக் கீழே விட்டார்.

அடித்திருந்தால் லேசாக இருந்திருக்கும். அடிக்கவில்லை. பள்ளிக்கு என்னோடுதான் வந்தார். ஆனால் நான் எதைச் சொன்னாலும் தங்கச்சியின் கையில் ஒரு தரம் கேட்பார். மழை என்றால் வாசலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பார். தேத்தண்ணிக்குச் சீனி போட்டாயிற்று என்றால் அதையும் அவளிடம் கேட்பார். வருசக்கணக்கில் அப்படித்தான். உலகம் அவருக்கு இரண்டு கை வழியாக வந்தது. அதில் ஒன்று கெட்டுப்போனது.

பிறகு ஒரு நாள், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுகிற ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தார். மிஸ் என்போம். கிணற்றடிக்கும் கக்கூசுக்கும் கயிறு கட்டித் தந்தார். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு தடி கொடுத்தார். கண்ணும் காதும் இரண்டும் இல்லாதவர் என்று ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிவிக்கிற தடி. எங்கள் சைகையை மாற்றவில்லை. இதுவே ஒரு பாஷை என்றார். அறையில் நடப்பதை முதுகில் விரலால் காட்டப் பழக்கினார். ஆரு வந்தது, ஆரு போனது, ஆரு சிரிக்கிறது.

“அவர் கேக்காட்டியும் சொல்லணும்” என்றார். “நல்லதோ கெட்டதோ, நீங்க வடிகட்டக் கூடாது. அது அவருக்குரிய செய்தி.”

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி என்னைப் பார்க்கவில்லை.

போன வருசம் மச்சானின் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. இனிச் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார் டொக்டர். வெளியே வாங்குப் பலகையில் மச்சான் இருந்தார். மனைவி என் சட்டையைப் பிடித்தாள்.

“இஞ்சேருங்க, காக்காட்ட சொல்லாதீங்க. தாங்க மாட்டார்.”

“உம்மாட மௌத்தையும் இப்படித்தான் மறைச்சம்” என்றேன். போய்ப் பக்கத்தில் இருந்து, டொக்டர் சொன்னதை அப்படியே காட்டினேன். பழக்கப்படி தங்கச்சியின் கைக்காகத் தன் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. நீட்டியபடியே இருந்தார். கடைசியில் கொடுத்தாள். ஓம் என்றாள். எத்தனை நாள் என்று கேட்டார். தெரியாது என்றேன். தேத்தண்ணி குடிப்பம் என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்களைக் கூப்பிடச் சொன்னார். செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்க வேண்டும், எல்லாரிடமும். சாகப்போவது தெரிந்த ஆளுக்குத்தான் அது முடியும். ஒவ்வொருவராக வந்தார்கள். ஆரென்று நான் முதுகில் காட்டுவேன். அவர் இரண்டு கையாலும் கைபிடித்து முஸாபஹா செய்து, அந்தக் கையைத் தன் நெஞ்சில் வைப்பார். பெரிய மாமா வந்தபோது வயிற்றில் ஒரு தட்டு. “தட்டு மகன், தட்டு” என்று மாமா அழுதார்.

வரிசையின் நடுவில் நான் போய் முன்னால் இருந்தேன். காப்பைச் சுற்றி மாமியின் பேரைக் காட்டினேன். உள்ளங்கைமேல் உள்ளங்கையைப் படுக்க வைத்தேன். நான் பொய் சொன்னேன் என்று காட்டினேன். அவர் கையை எடுத்து என் நெஞ்சில் வைத்தேன். நெடுநேரம் அங்கேயே வைத்திருந்தார். பிறகு மேலே வந்து என் முகத்தைத் தடவினார். ஈரத்தைத் துடைத்துவிட்டு, கன்னத்தில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார்.

“அடுத்தது ஆரு?” என்று கேட்டார்.

தேத்தண்ணிக் கடைக்காரர், உங்களுக்கு வலப்பக்கம் நிற்கிறார் என்று காட்டினேன். தங்கச்சி பக்கத்தில்தான் இருந்தாள். அவளுடைய கையை அவர் தேடவில்லை. வலப்பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.