கையில் ஒட்டிய புன்னை எண்ணெய்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். அதனால் இதை நம்பித்தான் ஆக வேண்டும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன், நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. கல்யாணமான நாலாம் மாதமே என் கணவர் கப்பல் வேலைக்குப் போய்விட்டார். தூத்துக்குடியில் தனியாக இருக்கப் பிடிக்காமல் நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்து, குன்றத்தூரில் ரூம் எடுத்துத் தங்கினேன். துறைமுகம் வந்தால் அவர் ஹவுஸ் ஓனர் அம்மாவின் போனுக்குக் கூப்பிடுவார். கடைசியாகப் பேசியது பிஜித் தீவிலிருந்து.

“நம்மூரு புன்னை இங்கயும் நிக்கு பாத்துக்க. தடியக் குடைஞ்சு படகு செய்தாங்க. பூவத் தேங்கா எண்ணெயில ஊறப்போட்டுப் பொம்பளைங்க தலைக்குத் தேய்க்காங்க. ஒனக்கு ஒரு பாட்டில் கொண்டாரேன்” என்றார். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் போன் இல்லை. மணி அடிக்கும்போதெல்லாம் மாடிப்படியில் ஓடி இறங்கி, யாருக்கோ வந்த போனைக் கேட்டுவிட்டுத் திரும்புவேன்.

ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிந்து வந்து காலையில் படுத்தவள், செத்த மாதிரி தூங்கிவிட்டேன். கனவுகூட இல்லை. மத்தியானம் ஓனர் அம்மா கதவைத் தட்டினார்.

“இன்னாம்மா, வூடு பூரா எண்ணெ வாசன அடிக்குது, இன்னா தடவிகினு கீற?”

கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கப் பச்சை நிறத்தில் கெட்டியான எண்ணெய், இளஞ்சூடாக. புன்னை எண்ணெய்தான், எங்கள் பக்கம் அதில் விளக்கெரிப்பார்கள், அந்த வாசனை எனக்குத் தப்பாது. என் ரூமில் அப்படி ஒரு எண்ணெய் இருந்ததே இல்லை. கழுவ மனசு வரவில்லை. அந்தக் கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஏனென்றே தெரியாமல் அழுதேன்.

சில மாதம் கழித்து அவர் வந்தார், கெண்டைக்காலில் பெரிய தழும்போடு. பிஜியில் கப்பல் கயிறு அறுந்து அடித்துக் காயம் சீழ்பிடித்துக் காய்ச்சலில் விழுந்தவரை, துறைமுகத் தொழிலாளி ஒருவர் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாராம். அந்தத் தொழிலாளியின் மனைவி புன்னை எண்ணெயைச் சூடுகாட்டிக் காயத்துக்குப் போட்டாளாம். காய்ச்சல் விட்டதும், “பகலில் வந்து என் கிண்ணத்திலிருந்து எண்ணெயை எடுத்து உன் காலில் தடவினாளே, அந்தப் பெண் யார்?” என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். நீலக் கோட்டாம், முடி வெளியே தெரியாமல் தொப்பியாம், கூப்பிட்டும் பேசவில்லையாம்.

அது எங்கள் கம்பெனி லைனில் வேலை செய்யும்போது போடுகிற கோட்டு. கம்பெனியை விட்டு வெளியே வராது. அவர் அதைப் பார்த்ததே இல்லை.

இன்னொன்றும் சொன்னார். கால் ஆறிக் கப்பலுக்குத் திரும்பிய பிறகு, அந்தப் பெண்மணி துறைமுகத்துக்கே தேடி வந்து, “அந்தப் பெண் உன் மனைவியாகத்தான் இருக்கும். இன்னும் எங்கள் வாசல் புன்னை மரத்தடியில்தான் நிற்கிறாள், கூட்டிக்கொண்டு போ” என்றாளாம். இவர் சிரித்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார்.

ஊர் வந்ததோடு கப்பல் வேலையை விட்டுவிட்டார், இப்போது படப்பையில் கடை வைத்திருக்கிறோம், இரண்டு பிள்ளைகள். ஆனாலும் சில மத்தியானங்களில், அவர் என் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, அவரை ஒரு தடவை பார்க்க மாட்டோமா என்று எனக்கு ஏக்கமாக வருகிறது.