நைனாவின் இடுப்பு வலி

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஈரத்தோலைத் தூக்கிப் போடுவது என் நைனாவின் வேலை. குனிந்து குனிந்தே இடுப்பில் வலி குடியேறிவிட்டது. வீட்டில் சுவரில் சாய்ந்து நின்றபடிதான் சாப்பிடுவார்.

அந்த வலிக்குச் சித்தப்பாவின் கை ஒன்றுதான் மருந்து. நைனாவின் கூடப்பிறந்த தம்பி, பக்கத்துத் தெருவில் இருந்தார், குஸ்தி பழகிய காலத்தில் உடம்பு பிடித்துவிடவும் கற்றுக்கொண்டவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வருவார். நைனா பாயில் குப்புறப் படுப்பார். சித்தப்பா சூடாக்கிய நல்லெண்ணெயைத் தடவி, முதுகெலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்குவார்.

"இங்கயாண்ணா?"

"இன்னும் கொஞ்சம் கீழ... ஆங், அங்கதான்."

அன்று மட்டும் நைனா எங்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார். கதையெல்லாம் சொல்வார்.

ஒரு வருஷம், நைனா பேசி முடித்த பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிட்டு, சித்தப்பா ஒடுகத்தூரில் தனக்குப் பிடித்தவளைக் கட்டிக்கொண்டார். நைனா கல்யாணத்துக்குப் போகவில்லை, எங்களையும் விடவில்லை.

மறு ஞாயிறு சித்தப்பா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். புதுச் சித்தி தெருவிலேயே நின்றாள். அன்று காலை அம்மா எவ்வளவு முயன்றும் நைனாவால் பாயை விட்டு எழ முடிந்திருக்கவில்லை. ஆனால் தம்பியின் குரல் கேட்டதும் சுவரைப் பிடித்து எழுந்தார். வாசலில் போய் நிமிர்ந்து நின்றார்.

"படுண்ணா. பிடிச்சு விட்டு நாளாச்சு, வலி ஜாஸ்தியா இருக்கும்."

"இன்னா வலி? அதெல்லாம் போய்டுச்சு. நீ கெளம்பு."

"கோவம்னா என்னை அடிண்ணா. முதுக மட்டும் காட்டு."

சித்தப்பா கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அந்த மாதமே சித்தப்பாவும் சித்தியும் கோலாருக்குக் குடிபோய்விட்டார்கள். அண்ணனும் தம்பியும் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை. வேறு யார் பிடித்துவிட்டாலும் நைனா, "அங்க இல்ல" என்பார்.

கிண்ணத்தை வைத்துவிட்டுப் போன அன்று, அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நைனா நின்றுகொண்டே இருந்தார். பிறகு அம்மா தாங்கிப் பிடித்துப் படுக்கவைத்தாள். "நீ ஏறி மிதிம்மா" என்றார் என்னிடம். எனக்கு ஏழு வயது. சித்தப்பா அழுத்தும் இடமாகப் பார்த்து மிதித்தேன். சற்று நேரத்தில் என் காலடியில் அவர் முதுகு குலுங்கத் தொடங்கியது. பயந்து இறங்கிவிட்டேன்.

"வலிக்குதா நைனா? மெதுவா மிதிக்கிறேன்."

அவர் முகத்தைத் திருப்பவில்லை. நான் பலமாக மிதித்ததால்தான் அழுதார் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.