மடிப்பு விழும் இடம்

யோசனை முதலில் வந்தது சிங்கப்பூர் ஃபேரர் பார்க் பக்கத்துக் கடை ஒன்றின் மாடியில், கர்ப்பிணிகளுக்கான கால்சட்டைகள் தொங்கிய கம்பிக்கு முன்னால். நான் போனது மெத்தையில் போடும் ஈரம் உறிஞ்சும் விரிப்பு வாங்க. போகிற வழியில் ஒரு கால்சட்டை கையில் தட்டியது. இடுப்பில் பட்டன் இல்லை, நாடா இல்லை, மடிப்பு இல்லை. விலா எலும்பு வரை ஏறும் அகலமான, மெத்தென்ற பின்னல் பட்டி மட்டும். இதை வெட்டி அத்தாவின் கைலி மேல்விளிம்பில் தைத்தால் என்ன? நின்ற இடத்திலேயே மனத்துக்குள் தைத்து முடித்து, அத்தாவுக்கு உடுத்தியும் விட்டேன். விரிப்பு வாங்க மறந்து, கர்ப்பிணிக் கால்சட்டையோடு ஈசூனில் இருக்கும் வீட்டுக்கு ரயில் ஏறினேன்.

அது எட்டு மாதத்துக்கு முன்னால். அன்றைக்கு இருந்த வேகத்தை இப்போது நினைத்தால் வேறு யாரோ ஓடிய ஓட்டம் போல இருக்கிறது.

அத்தாவுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். பையை முழுதாக எடுத்துவிட்டார்கள். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, சிறுநீரகங்களிலிருந்து வரும் இரண்டு குழாய்களையும் அதில் இணைத்து, அதன் ஒரு முனையைத் தொப்புளுக்கு வலப்பக்கம் வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். அந்தத் திறப்பின் வழியே சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அடக்க முடியாது. திறப்பைச் சுற்றித் தோலில் ஒட்டும் ஒரு தட்டு, தட்டோடு ஒரு பை, பையின் அடியில் ஒரு குழாய். மூன்றில் ஒரு பங்கு நிறைந்தால் திறந்துவிட வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை, காலையில் தண்ணீர் குடிப்பதற்கு முன், தட்டை மாற்ற வேண்டும். அத்தா இதையெல்லாம் ஒரு மாதத்தில் பழகிக்கொண்டார். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி பார்த்துத் தானே ஒட்டுவார். அம்மா பக்கத்தில் நின்று பொருள்களை எடுத்துக் கொடுப்பார். எனக்கு உள்ளே இடமில்லை. மகளிடம் காட்டுகிற சமாச்சாரமா அது?

பழக முடியாமல் போனது ஒன்றுதான். துறைமுகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம், பகல் வேலை, இரவு வேலை எதுவானாலும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு லிட்டில் இந்தியாவில் இருக்கும் தன் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். அறுவைக்குப் பிறகு ஒரே ஒருமுறை போனார். நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்தபோது தட்டு விட்டுக்கொண்டது. இமாம் சலாம் கொடுத்துத் தொழுகையை முடிப்பதற்குள் வரிசையிலிருந்து எழுந்து, நனைந்த கைலியைக் கையால் மூடிக்கொண்டு வெளியே வந்தவர்தான். அதோடு நிறுத்திவிட்டார்.

"நாற்காலில உக்காந்து தொழலாம்ல அத்தா?" என்று கேட்டேன்.

"நாற்காலில உக்காருறவனெல்லாம் முட்டி வலிக்காரன். என் முட்டிக்கு என்ன?"

ஒவ்வொரு வேளைக்கும் பையைக் காலி செய்து புதிதாகக் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டு தாராளமாகத் தொழலாம் என்று பள்ளிவாசல் உஸ்தாத் சொல்லிவிட்டார். அத்தா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "மார்க்கம் லேசாத்தான் வச்சிருக்கு. எனக்குத்தான் லேசா இல்ல" என்றார்.

கோளாறு எங்கே என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எனக்கு எல்லாமே உடனே தெரிந்துவிடும். அதுதான் என்னிடம் உள்ள கோளாறு. அத்தா கைலியைத் தொப்புள் மேல் கட்டி, விளிம்பை இரண்டு சுற்றுச் சுருட்டி இறக்குவார். அந்தச் சுருட்டல் சரியாகத் தட்டின் மேல் விளிம்பில் உட்காருகிறது. குனிந்தால் நெம்புகிறது. ஆகவே சுருட்டல் இல்லாத கைலி வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொருள் வடிவமைப்புப் படித்தவள் நான். இதுகூடச் செய்ய முடியாதா?

அளவு அம்மா எடுத்தார், மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

"தொப்புள்லேருந்து மூணு விரக்கடை."

"யாரு விரலும்மா?"

"என் விரல்தான். பின்ன, பக்கத்து வீட்டுக்காரி விரலா?"

நான் என் விரலால் அளந்து தைத்தேன். அம்மா ஆயுள் முழுக்க ரொட்டி மாவு பிசைந்தவர். அவர் மூன்று விரல் எனக்கு நான்கு. முதல் கைலியில் பைக்காக விட்ட ஜன்னல் வெறும் வயிற்றைக் காட்டியது. இரண்டாவதைத் தேக்கா சந்தை மாடியில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் கொடுத்தேன்.

"கைலிக்கு உள்பக்கம் பாக்கெட்டா? பாஸ்போர்ட் வைக்கவா?"

"இல்லக்கா, வேற ஒண்ணு."

"கடத்தல் கிடத்தல் இல்லல்ல? அப்புறம் என்னையும் பிடிச்சிட்டுப் போவாங்க லா."

மூன்றாவதை நானே சோதித்தேன். உபரிப் பை ஒன்றில் ரோஸ் சிரப் கலந்த தண்ணீரை ஊற்றி, என் வயிற்றில் ஒட்டி, மேலே கைலி, அதன் மேல் நீளச் சட்டை. ஈசூனிலிருந்து ஃபேரர் பார்க் வரை எம்ஆர்டி ரயிலில் நின்றேன், உட்கார்ந்தேன், விழுந்த பேனாவை எடுக்கிற சாக்கில் குனிந்தேன். ஒரு சொட்டு இல்லை. வீட்டுக்கு வந்து கூடத்திலேயே பத்து முறை சஜ்தா செய்து காட்டினேன்.

"இத்தனை வருஷத்துல நீ இவ்வளவு தொழுது நான் பார்த்ததில்ல," என்றார் அம்மா.

மறுநாள் அத்தா அதைக் கட்டிக்கொண்டு படுக்கையறையில் மாலை அஸர் தொழப் போனார். நாங்கள் வெளியே உட்கார்ந்திருந்தோம். அல்லாஹு அக்பர் என்ற சத்தம் முதல் சஜ்தாவிலேயே நின்றுவிட்டது. பிறகு அலமாரி திறக்கும் சத்தம். தொழுகை விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்த அத்தா, அதை நேராகத் துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்டார். நான்காவதும் அப்படித்தான் ஆயிற்று. அப்போது அவர் சொன்னது இவ்வளவுதான்.

"போதும் புள்ள."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கோபத்தோடு சண்டை போடலாம்.

இரண்டு வாரம் தையல் இயந்திரத்தின் உறையைக்கூட எடுக்கவில்லை. வேலை, வீடு, மருந்தகம், மறுபடியும் வேலை. அந்த நாட்களில்தான், அறுவைக்கு முந்திய ஒரு காலை திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. திறப்பை எங்கே வைப்பது என்று முடிவு செய்யத் மருத்துவமனைத் தாதி ஒருவர் பேனாவோடு வந்திருந்தார். அத்தாவைப் படுக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், நிற்கச் சொன்னார். வழக்கமாக என்ன உடுத்துவார், நாள் முழுக்க என்னென்ன செய்வார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த நான் மொழிபெயர்க்கவே இல்லை. "ட்ராக் பேன்ட். ரிட்டயர் ஆயிட்டார். டிவி பார்ப்பார், நடப்பார்" என்று நானே பதில் சொல்லிவிட்டேன். அன்று அத்தா ட்ராக் பேன்ட்தான் போட்டிருந்தார். ஐந்து வேளை அவர் தரையில் நெற்றி வைப்பது என் நினைவிலேயே இல்லை. நான் அதைச் செய்வதில்லை என்பதால்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை இதை அத்தாவிடம் சொன்னேன். அவர் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"நான்தான் தப்பாச் சொன்னேன் அத்தா. உங்களக் கேக்காம."

"ஏன், நானும் அங்கதான் இருந்தேன். எனக்கு வாய் இல்லையா? அவங்க கேட்டது எனக்கும் புரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லல?"

கையிலிருந்த கைலியை உதறிக் கம்பில் போட்டார்.

"மூத்திரம் வர்ற இடத்துக்குக் கோடு போட்டுட்டு இருக்காங்க. அந்த நேரத்துல தொழுகையப் பத்திப் பேசவா சொல்ற?"

மிச்சத் துணியையும் காயப்போட்டு முடித்தார். பிறகு, "இன்னிக்குத் தட்டு மாத்தணும். உள்ள வா. உங்கம்மா விரலை நம்பி எத்தனை தைப்ப?" என்றார்.

அப்படித்தான் முதல் தடவை பார்த்தேன். சிவப்பாக, சின்னதாக, ஈரமாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துளி திரண்டு வழிந்தது. அத்தா பஞ்சை வைத்து ஒற்றிக்கொண்டே கூரையைப் பார்த்தார். புதுத் தட்டை ஒட்டிய பின், சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி சஜ்தாவுக்குக் குனிந்தார். அப்போது தெரிந்தது. சுருட்டல் பாதிக் காரணம்தான். முன்னால் மடங்கும்போது அவர் வயிற்றில் ஆழமான ஒரு மடிப்பு விழுகிறது. அது தட்டின் வலது ஓரத்தை உள்ளே இழுக்கிறது. என் வயிற்றில் அந்த மடிப்பு கிடையாது. ரோஸ் சிரப்போடு நான் நகரம் சுற்றியதெல்லாம் வீண்.

கைப்பேசியில் குறிப்பெடுத்து, இந்தத் தடவை நானாக எதையும் முடிவு செய்யாமல், தாதியிடம் அழைத்துப் போனேன். அத்தாவே பேசினார், பாதி மலாய், பாதி ஆங்கிலம். தரையில் குனிந்தும் காட்டினார். தாதி நடுவில் குவிந்த வேறு வகைத் தட்டு ஒன்றும், அதைப் பிடித்துவைக்கும் மெல்லிய இடுப்பு வாரும் கொடுத்தார். பையை நேராகத் தொங்கவிடாமல் தொடைப் பக்கம் சாய்த்து ஒட்டிப் பார்க்கச் சொன்னார். ஐந்தாவது கைலியின் பட்டியை நான் திறப்புக்கு மேலே ஏற்றித் தைத்தேன். பாக்கெட் இல்லை, ஜன்னல் இல்லை.

வீட்டில் ஒன்பது நாள் தொழுதுவிட்டார். இரண்டு நாள் கசிந்தது, ஏழு நாள் இல்லை. ஏழு நாளை நினைத்து நான் குதித்திருப்பேன், முன்பு. அத்தா அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் கேட்கிறார்.

ஜும்ஆ இப்போதைக்கு இல்லை. கூட்டம், நெருக்கம், நீண்ட நேரம். செவ்வாய்க்கிழமை அஸருக்குப் போகலாம் என்று அவரே சொன்னார். அந்த நேரத்தில் இரண்டு வரிசைகூட நிறையாது. கடைசி வரிசை, கதவோரம். பாங்கு சொன்ன பிறகு பையைக் காலி செய்து, ஒளு செய்து, நேராக உள்ளே. மாற்றுக் கைலியும் ஒரு புதுத் தட்டும் என் கைப்பையில் இருக்கும். நான் பெண்கள் பகுதியில் இருப்பேன்.

"சும்மா உக்காந்திருப்பியா, தொழுவியா?" என்று கேட்டார்.

தொழுவேன் என்றேன். அஸரின் நான்கு ரக்அத்தும்.