முந்திரிக்காட்டில் பிறந்த பாலன்

பெயிண்டர் பிலவேந்திரன் வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். எழுபதுகளில் உடையார்பாளையம் வட்டாரத்துச் சுவர்களில் சிவப்பு முக்கோணம் போட்டு 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று எழுதியவர் அவர்தான். வீட்டில் பிள்ளைகள் ஆறு. கேட்டால், "எழுதுறது சர்க்கார் வேலைங்க, இது சொந்த வேலை" என்பார்.

இருபது வருடத் தொழிலில் அவர் எதையும் நேரில் பார்த்து வரைந்ததில்லை. மாதா என்றால் காலண்டர், மயில் என்றால் தீப்பெட்டி. உர விளம்பரத்துக்கு நெற்கதிர் வரைய வேண்டி வந்தபோது, விளைந்த வயலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, உரமூட்டையில் அச்சடித்த கதிரைப் பார்த்து வரைந்த மனிதர்.

ஊர்க்கோவிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் கட்டும் திரையும் அப்படி வந்ததுதான். ஏதோ சீமைக் காலண்டரைப் பார்த்து அவர் போட்ட பனிமலை, ஊசியிலை மரங்கள். சுற்றிலும் செம்மண், முந்திரிக்காடு. நடுவே வருஷா வருஷம் பாலன் இயேசு பனிமலையில் பிறந்துகொண்டிருந்தார். மேலே பஞ்சு வேறு பிய்த்துத் தூவுவார்கள். இது எந்த ஊர் மலை என்று ஒருவரும் கேட்டதில்லை.

எண்பத்திரண்டு டிசம்பரில் திரையைச் சுருட்டி வைத்த பெட்டியைத் திறந்தால் மலையைக் கரையான் தின்றிருந்தது. கூடவே காலண்டரையும்.

"அதே மாதிரி புதுசு போட்டுரு" என்றார் கோவில் கமிட்டித் தலைவர் சவரிராஜ் வாத்தியார்.

"பாத்து வரைய படம் இல்லீங்களே சார்."

"கண்ணு இருக்குல்ல?"

வாத்தியார் எரிச்சலில் சொன்னார். பிலவேந்திரன் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலை பென்சிலோடு பாவாடை என்பவனின் முந்திரிக்காட்டில் போய் உட்கார்ந்தார். காட்டுக்காரன் பாவாடை தூரத்திலேயே சத்தம் போட்டான்.

"என்னா பெயிண்டரே, மரத்துலயும் முக்கோணம் போடப் போறியா?"

முதல் நாள் வரைந்த மரத்தைப் பார்த்து அவனே சிரித்தான். "இது அரச மரமுல்ல!" உண்மைதான். கை பழக்கத்தில் ஏதோ ஒரு காலண்டரின் அரச மரத்தையே போட்டிருந்தது. இரண்டாம் நாள் பிலவேந்திரன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே பார்த்தார். தரையோடு தரையாகக் கிடந்து, பிறகு மனம் மாறி மேலே எழுந்த கிளை. செம்பு நிறத்தில் தளிர். அதற்குள் வெயில் நுழைந்ததும் இலைக்கு இலை திரி ஏற்றியது போலாயிற்று. பிறந்தது முதல் இந்த மரங்களுக்கு அடியில்தான் நடந்திருக்கிறார். செருப்பை எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்று நாள் காலைப் பூசைக்குப் போகவில்லை. மனைவி செபஸ்தியம்மாள் விடுவாளா?

"திருவருகைக் காலத்துல பங்குச் சாமியார் கோவில்ல இருக்காரு, நீ காட்டுல இருக்க. பூசையில சாமியார் குடுக்குற நன்மைய மரம் உனக்குக் குடுக்குமா?"

"குடுக்குதுடி" என்றார் அவர். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பயந்துபோய் அவர் சாமியாரிடம் பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அங்கே சொன்னது வெளியே வரக்கூடாது. ஆனால் பிலவேந்திரனே அதை டீக்கடையில் ஒப்பித்துவிட்டதால் எழுதலாம்.

"மரத்தைப் பாத்துக்கிட்டு சும்மா இருந்தேன் சாமி. அதுவும் சும்மா இருந்துச்சு. பக்கத்துல ஆள் இருக்குற மாதிரியே இருந்துச்சு. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. ஆனா அந்த ஆளு போகல."

சாமியார், "அபராதம் ஒண்ணுமில்ல. அதையே வரைஞ்சு கொண்டா" என்றாராம்.

வரைந்தார். காடாத் துணியில், வஜ்ஜிரப் பசை காய்ச்சிக் குழைத்த வர்ணத்தில். செம்மண், வளைந்த மரம், செம்புத் தளிர். பாலன் பிறக்கிற இடம் வெறுமையாக இருக்கலாமா என்று கிளைக்குக் கிளை மஞ்சளும் சிவப்புமாய் முந்திரிப் பழங்களைத் தொங்கவிட்டார். வாழ்நாளில் முதன்முறையாக, வரைந்ததை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

இருபத்துநாலாம் தேதி காலையில் திரையைக் கட்டினார்கள். ஊரே வந்து நின்றது. தேவமகன் முந்திரிக்காட்டில் பிறக்கலாமா என்று சண்டை வரும், தாம் வரைந்த காடு கோவிலுக்குள் நுழையாது என்று பிலவேந்திரன் நடுங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியை யாருமே எழுப்பவில்லை.

"மார்கழியில ஏதுய்யா பழம்?" என்றார் சவரிராஜ் வாத்தியார்.

"அதானே! பழம் சித்திரைக்குல்ல வரும்!" என்றது கூட்டம். பனிமலையை மூச்சுவிடாமல் விழுங்கியவர்கள் பழத்தில் பிடித்துக்கொண்டார்கள். சாமியார் மதுரைப் பக்கம். முந்திரியைப் பாயசத்தில் மட்டுமே அறிந்தவர். அவர் வாயைத் திறக்கவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி அவுத்துட்டு வெள்ளை வேட்டியக் கட்டிருவோம்" என்றார் வாத்தியார்.

பிலவேந்திரன் காட்டுக்கு ஓடினார். கதையைக் கேட்ட பாவாடை, "கேக்கறது ஞாயந்தானே? வா, எங்கிட்ட ஒரு மரம் முந்திக்கிட்டுப் பூத்திருக்கு" என்று ஒரு கொத்தை ஒடித்துக் கையில் கொடுத்தான். மிளகு அளவுப் பூ. வெளிர் இதழில் சிவப்புக் கோடு, இழுத்துவிட்டது போல. அத்தனை சின்னப் பூவுக்கு அவ்வளவு வாசனை.

"இத்தனை வருஷம் பழத்தைத்தான் பாத்திருக்கேன், பாவாடை."

"எல்லாரும் அப்டித்தான். பழம் விக்கிதுல்ல."

மதியம் முழுக்கப் பழங்களை அழித்து, அந்த இடத்தில் பூ வைத்தார். பாவாடை துணைக்கு வந்து, நெற்றியில் திருநீற்றோடு பீடத்துக்குக் கீழே நின்று, "அந்தக் கொம்பு இன்னும் தணியட்டும்" என்று உத்தரவு போட்டான். செபஸ்தியம்மாள் பூங்கொத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, தூவுவதற்கு வைத்திருந்த பஞ்சைச் சத்தமில்லாமல் எடுத்துத் தலையணைக்குக் கொண்டுபோனாள்.

கிறிஸ்துமஸ் காலை. மக்கள் குடில்முன் முழந்தாளிட்டு, முதலில் மரத்தைப் பார்த்தார்கள், பிறகு பாலனை. "நம்ம பாவாடை காடு!" என்று முனகல் ஓடியது. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொத்துக் கொத்தாகச் சரிபார்த்தார். தாழ்ந்த கிளையில், பாலனின் கைக்கு எட்டுகிற தூரத்தில், சிவப்பாக ஒரே ஒரு பழம்.

"ஒண்ண விட்டுட்டியேய்யா."

"விடல சார். புள்ளைக்கு வச்சேன்."

வாத்தியார் பழத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். மார்கழியை மறந்துவிட்டு முழந்தாளிட்டார்.