சலூன்காரரின் வீட்டோடு மாப்பிள்ளை

"இன்னும் கொஞ்சம் சரிஞ்சு உக்காருங்க. கூச்சப்படாதீங்க, நம்ம நாற்காலிதானே" என்கிறார் சலூன்காரர். உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குச் சரிந்தாகிவிட்டது. சலூன்காரருக்கு அப்படியும் திருப்தி இல்லை. மிதியை அழுத்தி நாற்காலியை இறக்கி, வாடிக்கையாளரின் தலை தன் நெஞ்சுக்குக் கீழே வந்தபிறகுதான் கத்தரிக்கோலை எடுக்கிறார். இடது முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது என்று மருத்துவமனையில் சொன்னது முதல் சில வாரங்களுக்குத்தான். கெடு முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. முழங்கைக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

இடது கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் தீப்பெட்டியைச் செருகினாற்போல ஒரு மேடு. உள்ளே இருப்பது பேஸ்மேக்கர். இதயம் சோம்பல்பட்டால் ஒரு தட்டு தட்டி எழுப்பிவிடும். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் வீட்டோடு மாப்பிள்ளை. "வேலை இருந்தா செய்வான், இல்லேன்னா சும்மா உக்காந்திருப்பான். ஆனா மரியாதை மட்டும் குறையக் கூடாது. செல்போனை மேல்பையில வெச்சா பிடிக்காது, காந்தத்தைக் கொண்டுபோனா பிடிக்காது, அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா முறைப்பான்" என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறார். கேட்காதவர்களிடமும் சொல்கிறார். பேச்சு பாதியில் இருக்கும்போதே சட்டையின் மேல் பொத்தான் கழன்றுவிடும்.

மாப்பிள்ளை வந்ததிலிருந்து வீட்டில் பல நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. முன்பெல்லாம் மாடிப்படியின் திருப்பத்தில் நின்று, சுவரில் என்னமோ விரிசலைக் கண்டுபிடித்தவர்போல வெகுநேரம் பார்ப்பார். மூச்சு வாங்குவது மனைவிக்குத் தெரியக்கூடாதாம். இப்போது ஒரே மூச்சில் ஏறிப்போய், மேலே நின்று, "ஏய், வந்துட்டேன்!" என்று கூவுகிறார். அந்த அம்மாள் விடிந்ததும் அவர் நெஞ்சில் காதை வைத்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குப் போகிறாள். "என்ன சொல்றான்?" என்று அவர் கேட்பார். "உங்களை மாதிரி இல்ல, சொன்ன வேலையைச் செய்யறாரு" என்பது பதில்.

பழக்கம் பொல்லாதது என்பதையும் அவர் கண்டுகொண்டார். ஓடிக்கொண்டிருக்கும் டிரிம்மரை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சீப்பை எடுப்பது அவருடைய வழக்கம். ஓடுகிற எந்த மோட்டாரையும் நெஞ்சோடு அணைக்கக்கூடாது என்று தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்கள். தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்ட மனிதர், கடைக்குத் திரும்பிய முதல் நாளே அதைக் கக்கத்தில் செருகினார். இரண்டாவது நாற்காலியில் வேலை செய்யும் அவருடைய மைத்துனன், "மாமா! கக்கத்துல!" என்று அலறினான். இவர் பதறிப்போய் வீச, டிரிம்மர் வாடிக்கையாளரின் மடியில் உறுமிக்கொண்டே விழுந்தது. அவர் பாதி வெட்டிய தலையோடு வாசல்வரை ஓடிவிட்டார். மறுநாள் மைத்துனன் வலது பக்கச் சுவரில் ஒரு கொக்கி அடித்து டிரிம்மரை அதில் தொங்கவிட்டான்.

இவ்வளவுக்கும் காரணமான அந்த நாளில் நாற்காலியில் இருந்தவர் பக்கத்து ரொட்டிக்கடைக்காரர். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் நுரை இருந்தது. சலூன்காரர் கத்தியோடு தொண்டைப் பக்கம் குனிந்தார். அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம். இதயம் நின்று நின்று துடித்ததில் கண் இருட்டிச் சாய்ந்துவிட்டார். கத்தி தரையில் விழுந்தது. ரொட்டிக்கடைக்காரர் மயிரிழையில் தப்பினார் என்றால், சலூனில் அது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல. ஆனால் அந்த மனிதர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அரை முகம் நுரையோடு, மாவு மூட்டையைத் தூக்குவதுபோல இவரைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் வண்டியில் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே கிடத்தி மருத்துவமனைக்கு ஓட்டினார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் ஆள் தேறியிருக்கமாட்டார் என்று அங்கே சொன்னார்கள்.

முடி வெட்டிக்கொள்ள எல்லாரும் பழையபடி வருகிறார்கள். சவரத்துக்கு மட்டும் மைத்துனனின் நாற்காலி காலியாகும்வரை செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். அதை அவர் தாங்கிக்கொள்வார். ரொட்டிக்கடைக்காரர் தாடி வளர்க்கத் தொடங்கியதைத்தான் தாங்க முடியவில்லை. "தோல் எரியுது தம்பி, வயசாகுதுல்ல" என்று அவர் ஒரு காரணம் சொன்னார். உண்மைக் காரணம் தெருவுக்கே தெரியும். இவரிடம் கழுத்தைக் கொடுக்கப் பயம். இவர் கண்முன்னால் மைத்துனனிடம் கொடுக்க மனம் வரவில்லை. பாம்பும் நோகாமல் பாம்பை அடித்த கோலும் நோகாமல் அவர் கண்டுபிடித்த வழி தாடி.

"எனக்கு உசிரைக் குடுத்த மனுஷன். அவர் பயப்படறது நியாயந்தானே?" என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டார்.

"நியாயம்னா ஏன் சாப்பாடு இறங்கல?"

"முடி யார் வேணா வெட்டலாம்டி. ஒருத்தன் கண்ணை மூடிக் கழுத்தைக் காட்டறானே, அதுதான் இந்தத் தொழில்" என்றார். கண் கலங்கிவிட்டது.

பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: "நான் கத்தி பிடிக்கலாமா?" கருவி சரியாக வேலை செய்கிறது, அன்று போல மயக்கம் இனி வராது, தாராளமாகப் பிடிக்கலாம் என்றார் அவர். அவர் சொல்லிவிட்டார். ரொட்டிக்கடைக்காரரின் தொண்டைக்கு யார் போய்ச் சொல்வது?

போன வாரம் ஒரு மத்தியானம், கடையில் வேறு யாரும் இல்லாதபோது, ரொட்டிக்கடைக்காரரே உள்ளே வந்தார். தாடி முழுக்க மாவு.

"பன்னுல வெள்ளை முடி வந்துருச்சு தம்பி. ஒரு அம்மா கையில பிடிச்சுக் காட்டறாங்க. இதை எடுத்துடு."

"மச்சான் சாப்பிடப் போயிருக்கான். இப்ப வந்துருவான்ணே."

"அவனை யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கத்தரித்து, நுரை பூசி, கத்தியில் புது பிளேடு மாட்டியாகிவிட்டது. போர்வைத் துணிக்கு அடியில் ரொட்டிக்கடைக்காரரின் கைகள் நாற்காலிப் பிடியை நெரித்துக்கொண்டிருப்பதைச் சலூன்காரர் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"பயமா இருக்காண்ணே?"

"இருக்கு தம்பி."

சலூன்காரர் துணியை விலக்கி அவருடைய வலது கையை வெளியே எடுத்தார். அந்தத் தடித்த விரல்களைத் தன் இடது மணிக்கட்டில், நாடி ஓடும் இடத்தில் வைத்தார். "பிடிச்சுக்கங்க. இது கொஞ்சம் தடுமாறினாக்கூட என்னைத் தள்ளிவிட்டுட்டு எழுந்திருங்க. நான் தப்பா நினைக்கமாட்டேன்."

சவரம் தொடங்கியது. தோலை இழுத்துப் பிடிக்க இடது கை எங்கே போனாலும் ரொட்டிக்கடைக்காரரின் கையும் கூடவே போயிற்று. வலது கன்னம் முடிந்தது. இடது கன்னம் முடிந்தது. தாடையும் முடிந்து கத்தி தொண்டைக்கு வந்தது. அப்போது மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. ரொட்டிக்கடைக்காரர் தன் கையைத் தானே துணிக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடி, மோவாயை நன்றாக மேலே தூக்கிக் கொடுத்தார்.

சலூன்காரருக்குக் கழுத்து கலங்கலாகத் தெரிந்தது. கத்தியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டில் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு இரண்டு விரலால் தொண்டைத் தோலை மெல்ல இழுத்துப் பிடித்து, கத்தியை வைத்தார்.