அந்தோணியின் மாமனாருக்கு ஒதுக்கிய இரண்டு நாட்கள்

வேலையை எப்படித் திட்டமிடுவது என்று சொல்லிக்கொடுப்பதையே வேலையாக வைத்திருப்பவனிடம் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி, "அதெல்லாம் சரி சார், நீங்க இன்னா வேலை செய்றீங்க?" என்பதுதான்.

வீடு கட்டியவர்களுக்கும், இதோ வருகிறேன் என்ற பெயிண்டருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும் நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே இடத்தில் அடிபட்டவர்கள். சுரங்கம் மூடியதும் பெங்களூர் ரயிலில் ஏறிய கோலார் தங்கவயல்காரர்களில் நானும் ஒருவன். ஒரு கட்டுமான கம்பெனியில் சாமான் ஏற்றி இறக்கும்போது, சுவரில் ஒட்டியிருந்த வேலை அட்டவணையைப் பார்த்து ஆசை வந்தது. அதைப் பற்றிய புத்தகங்களைப் பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்து, ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு அதையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். இப்போது ஊரோடு இருக்கிறேன். சின்னச் சின்ன குழுக்கள் கூப்பிட்டால் போகிறேன். என் மனைவி உயிரோடு இருந்தவரை என் தொழிலைப் பற்றி அவளுக்கு ஒரே அபிப்பிராயம்தான்: "ஊருக்கெல்லாம் பிளான் போடறீங்க, நம்ம வீட்டு கேஸ் சிலிண்டர் என்னைக்குத் தீரும்னு உங்களுக்குத் தெரியுதா?"

கண்ணை மூடிப் பாருங்கள்

எங்கள் ஊரில் கோரமண்டல் பகுதியின் சமுதாயக் கூடத்துக்கு ஓட்டைக் கூரையைப் பிரித்துவிட்டுப் புதுக் கூரை போடும் கான்ட்ராக்டை சுகந்தி எடுத்திருந்தாள். சொந்தமாக எடுத்த முதல் பெரிய வேலை. அதோடு, அந்தக் கூடத்தில் நடக்கப்போகும் முதல் நிகழ்ச்சி அவளுடைய தங்கை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பங்காருபேட்டைக்காரர்கள், அங்கேயே ஒரு மண்டபத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, "கூரை ஆவுமா, ஆவாதா?" என்று போனில் கேட்டபடி இருந்தார்கள். "என் வேலைய நம்பி என் தங்கச்சி கல்யாணமே நடக்கலன்னா, அப்புறம் எவன் சார் எனக்கு வேலை குடுப்பான்? எங்க ஆளுங்களுக்கு உங்க பாடத்த சொல்லிக்குடுங்க" என்று வந்து நின்றாள்.

கூடத்தின் சமையலறைக்கு மட்டும் கூரை இருந்தது. அதுதான் வகுப்பறை. முதல் பாடம், வேலை நிலவரம் சொல்வது. "முடிந்தது அல்லது முடியவில்லை, இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். நடுவில் எதுவும் கிடையாது" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வெல்டர் அந்தோணியிடம், கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் என்னவாயிற்று என்று கேட்டேன். "முடிஞ்ச மாதிரிதான் சார்" என்றார். வெளியே அழைத்துப் போய்ப் பார்த்தேன். இரண்டு சட்டங்கள் நின்றன. மற்றவை இன்னும் பைப்பாகவே தரையில் கிடந்தன, ஒன்றின்மேல் ஒரு ஆடு படுத்திருந்தது. இது இன்னா அண்ணே என்றேன். அந்தோணி கொஞ்சமும் அசரவில்லை. "கண்ண மூடிப் பாருங்க சார், எல்லாம் நிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை

அடுத்த பாடம், யார் வேலை யாருக்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஒவ்வொரு வேலையையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி சுவரில் ஒட்டி, நூலால் இணைக்கச் சொன்னேன். நூல் கட்டக் கட்ட ஒரு விஷயம் வெளியே வந்தது. அந்தோணியின் வெல்டிங் மெஷினுக்கு எலக்ட்ரீஷியன் பாபு லைன் இழுத்துத் தர வேண்டும். பாபுவின் ஒயர் போவதற்கு அந்தோணி கிளாம்ப் அடித்துத் தர வேண்டும். இருவரும் ஒரே டீக்கடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் செய்யட்டும் என்று ஒரு வாரம் காத்திருந்திருக்கிறார்கள்! ஏன் கேட்கவில்லை என்றால், "அண்ணன் மூஞ்சி சரியில்ல" என்கிறான் பாபு. "என் மூஞ்சியே அப்படித்தான்டா" என்கிறார் அந்தோணி.

சரி, சேர்ந்து ஒரு நாளில் முடித்துவிடுங்கள் என்றேன். அங்கேதான் முடிச்சு. பாபு தினமும் விடியலில் பெங்களூர் ரயில் ஏறி, இருட்டிய பிறகு இறங்குகிறவன். அவனுக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமைதான். அந்தோணி மற்ற எல்லா நாளும் வருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரும்பைத் தொடமாட்டார். பாதி ஊர் ரயிலிலும், மீதி ஊர் கோவிலிலும் இருப்பதை என் புத்தகங்களில் யாரும் யோசிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம வெல்டிங் பண்ணா ஃபாதர் கேப்பாரு" என்றார் அந்தோணி. சுகந்தி வீட்டில் மூன்று தலைமுறையாக பௌத்தர்கள். அவள் பாபுவின் போனை எடுத்து அவன் கையில் வைத்து, லீவு சொல்லச் சொன்னாள். பிறகு அந்தோணி பக்கம் திரும்பினாள். "எங்க புத்தர் ஒண்ணும் கேக்கமாட்டாருண்ணா. ஆனா என் தங்கச்சிக்கு வரப்போற மாமியார் கேப்பாங்க."

யார் அது?

எது எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்று முன்கூட்டியே யோசிப்பது மூன்றாவது பாடம். கரண்ட் போகும் என்றார்கள். கூரைக்கான ஷீட்டு லாரி லேட்டாகும் என்றார்கள். மழை என்று நானே எடுத்துக் கொடுத்தேன். "இந்த மாசத்துல இங்க எங்க சார் மழை? எழுதாதீங்க" என்று எல்லோரும் சிரித்தார்கள். அப்போது பாபு சொன்னான்: "ஒரு சாவு வுழும் சார்."

அவன் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊரில் வீடுகள் வரிசையாக இருக்கும், லைன் என்போம். லைனில் ஒருவர் போய்விட்டால், எடுக்கிற வரை யாரும் வேலைக்குப் போகமாட்டார்கள். ஸ்டேஷன் வரை போனவன்கூடத் திரும்பி வந்துவிடுவான். ஆனால் உடனே எல்லோரும் அந்தோணியைப் பார்த்தார்கள். அவர் மாமனார் ஒரு மாதமாகப் படுக்கையில். "எங்க மாமனார நெனச்சுத்தான சொன்ன?" என்று அந்தோணி எழுந்தே விட்டார். "நான் பொதுவா சொன்னேண்ணா!" "பொதுவா எவன்டா சாவான்?" நான் இருவரையும் உட்காரவைத்து, சுவரில் ஒட்டிய நாள் அட்டவணையின் கடைசியில் இரண்டு கட்டங்களை வெறுமையாக விட்டு, எதிர்பாராதவற்றுக்கு என்று சொன்னேன்.

மறுநாள் காலை அந்தோணி வீட்டு வழியாகப் போனேன். மாமனார் ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். செய்தி அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. கை காட்டிக் கூப்பிட்டார். "இன்னா சார், உங்க கணக்குல நான் இன்னா தேதில போறேன்?"

மாப்பிள்ளையின் அம்மா

பத்திரிகை அடிப்பதற்கு முன் கூடத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்துவிட்டார். சட்டங்கள் எல்லாம் நின்றன, ஆனால் மேலே வானம்தான் தெரிந்தது. வாசல் பக்கம் மட்டும் நாலு ஷீட்டைப் போட்டுக் காட்டிவிடலாமா என்று சுகந்தி அன்று காலை என்னைக் கேட்டிருந்தாள்.  ஆனால் பொய் நிலவரம் வேண்டாம் என்று நான் அவள் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அவளும் கேட்டிருக்கிறாளே. ஷீட்டைத் தொடாமல், அந்த அம்மாவை நேராகச் சமையலறைக்கு அழைத்துப்போய் சுவரைக் காட்டினாள்.

அவர் நிதானமாகப் பார்த்தார். விரலால் தடவிக்கொண்டே போய், கடைசியில் நின்றார். "இந்த ரெண்டு நாள் ஏன் சும்மா கெடக்குது?" சுகந்தி என்னைப் பார்த்தாள். கல்யாணம் பேச வந்தவரிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? அந்தோணி கூரையில்லாத வானத்தைப் பார்த்தார். பாபுவுக்கு மட்டும் அந்தக் கூச்சம் வரவில்லை. "எவனாவது செத்தா அழறதுக்குங்க" என்றான்.

கல்யாணம் பங்காருபேட்டைக்குப் போயே விட்டது என்று நினைத்தேன். சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மா பாபுவை ஏற இறங்கப் பார்த்தார். "என் பெரிய பையன் கல்யாணத்துக்கு முந்தின நாள் பக்கத்து வீட்ல சாவு. மேளக்காரன் பாதி வழியில நின்னான், பந்தல்காரன் வரவே இல்ல. நான் ஒருத்தியா கெடந்து அல்லாடினேன்" என்றார். பிறகு சுகந்தியிடம் திரும்பினார். "கரண்ட்டு, லாரி எல்லாம் எவனும் யோசிப்பான். இதயும் சேத்து யோசிச்சிருக்கீங்க. பத்திரிகை அடிங்க."

முன் வரிசை நாற்காலி

ஷீட்டு லாரி சொன்ன நாளில் வந்தது. கரண்ட்டும் இருந்தது. யாரும் சாகவில்லை. ஆனால் ஷீட்டுகளை ஏற்றப்போகும் நேரத்தில், அந்த மாதத்தில் வரவே வராத மழை வந்தது. ஒரு நாள் முழுக்க, மறுநாளும் விடவில்லை. சுகந்தி சமையலறைக் கதவருகே நின்று மழையைப் பார்ப்பாள், பிறகு சுவரில் இருந்த இரண்டு வெறும் கட்டங்களைப் பார்ப்பாள்.  மூன்றாம் நாள் வெயில் வந்தது. பாபு ரயிலை விட்டுவிட்டு வந்து ஷீட்டு தூக்கினான். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தோணி கடைசி ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு இறங்கினார். நிலவரம் கேட்டேன். "முடிஞ்சுது சார்" என்றார். இந்த முறை 'மாதிரி' சேர்க்கவில்லை.

கல்யாணத்தன்று முன் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், சால்வை போர்த்தி, அந்தோணியின் மாமனார் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்திருந்தார்கள். புதுக் கூரையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "எனக்குன்னு வெச்ச ரெண்டு நாள எவன் சார் தின்னான்?" மழை என்றேன்.  "மழைன்னா போவட்டும். என் மாப்ள தின்னிருந்தா விட்டிருக்க மாட்டேன்."

இத்தனை வருடங்களில் நான் போட்ட திட்டங்களில், நாட்களை எதற்கென்று ஒதுக்கினேனோ அதற்குச் செலவாகாமல் போனதற்காக யாரும் என்னைத் திட்டாதது இது ஒன்றுதான்.