‘அல்லது’ என்று எழுதியிருக்கிறது

கொரிய மொழியில் எனக்குப் பார்த்தவுடன் தெரிகிற சொற்கள் மூன்றுதான்: கேள்வி, பதில், காரணம். மதுரையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டை, அங்கிருந்து காரியாபட்டி வழியாக மதுரை என்று தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். போன வருடம் எங்களுக்குக் கொரியாவிலிருந்து ஒரு வேலை வந்தது.

அந்த நாட்டில் சட்டத்தின் ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று சந்தேகம் வந்தால் அரசாங்கத்திடம் எழுதிக் கேட்க வழி இருக்கிறது. அதற்கென்றே உள்ள துறை விளக்கம் எழுதித் தருகிறது. அந்த விளக்கங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். சட்டத்தின் பெயரையும் பிரிவையும் கொடுத்தால், அது தொடர்பான விளக்கங்களைத் தேடி எடுத்துத் தருகிற கருவியைத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு விளக்கத்திலும் அந்த மூன்று தலைப்புகள் இருக்கும். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படித்துப் பார்ப்பேன். ஒரு ‘உம்’முக்கும் ஒரு ‘அல்லது’க்கும் பக்கம் பக்கமாகக் காரணம் எழுதியிருப்பார்கள்.

அந்த மாதங்களில்தான் அக்கா சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருந்தாள்.

அக்கா நூல் மில்லுக்குப் போகிறவள். அவள் புருசன் திருப்பூருக்கு வேலைக்கென்று போய், அங்கேயே வேறு குடும்பம் வைத்து ஏழு வருடமாகிறது. ஊருக்கே தெரியும். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் சமையல் உதவிக்கு ஆள் எடுத்தார்கள். கணவனால் கைவிடப்பட்டவள் என்று சான்றிதழ் இருந்தால் முன்னுரிமை உண்டு. பஞ்சுத் தூசியில் மூச்சு வாங்குகிறவளுக்கு அந்த வேலை எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாள். நிராகரித்துவிட்டார்கள். மறுபடி விண்ணப்பித்தாள். மறுபடியும் போனில் அதே குறுஞ்செய்தி. ஏன் என்று ஒரு வரி இல்லை. சான்றிதழ் கொடுக்கிற அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டதற்கு, கோர்ட்டில் விவாகரத்து வாங்கிக்கொண்டு வா என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள்.

விதியைத் தேடிப் படித்தேன். விவாகரத்து பெற்றிருக்க வேண்டும், அல்லது கணவன் விட்டுப்போய் இத்தனை வருடம் ஆகியிருக்க வேண்டும். அக்காவுக்கு அதைவிட அதிகமாகவே ஆகியிருந்தது. ‘அல்லது’ என்று தெளிவாக அச்சாகியிருந்தது.

அந்த வாரமே என் கருவியின் சோதனைப் பதிப்பை அனுப்பியிருந்தேன். சியோலிலிருந்து எங்களோடு பேசுகிற பெண் காலையிலேயே அழைத்தாள். நீளமான விளக்கங்களில் ‘காரணம்’ பகுதி பாதியில் அறுந்து வருகிறது என்றாள். நான் வைத்திருந்த எழுத்து வரம்பினால் வந்த பிழை அது. “காரணம் இல்லாத பதிலை எங்கள் ஆட்கள் தொடவே மாட்டார்கள். இதைச் சரிசெய்யும்வரை யாருக்கும் கொடுக்க வேண்டாம்” என்றாள். மன்னிப்புக் கேட்டேன். சாயங்காலத்துக்குள் சரிசெய்தும் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. யாரோ முகம் தெரியாத கொரியக்காரனுக்குக் காரணம் முழுசாகப் போய்ச் சேர வேண்டும் என்று நான் திட்டு வாங்குகிறேன். என் அக்காவுக்கு ஒரு வரி எழுதித் தர ஆள் இல்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அக்காவோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. விண்ணப்பங்களைப் பார்க்கிற மேசைக்காரர் எங்களை நிற்க வைத்தே பேசினார். போனில் விதியைக் காட்டினேன்.

“சார், இதுல அல்லதுன்னுதான போட்டிருக்கு? ரெண்டுல ஒண்ணு இருந்தாப் போதும்ல?”

“அல்லதுன்னா ரெண்டும் வேணும்னுதாம்மா நாங்க எடுத்துக்கிறது.”

“அப்பிடி எடுத்துக்கணும்னு எங்க சார் எழுதியிருக்கு?”

“எழுதியெல்லாம் இருக்காது. வழக்கமா பண்றதுதான்.” பிறகு அக்காவைப் பார்த்து, “எதுக்கும்மா இந்த அலைச்சல்? புருசங்கிட்டப் போயி ஒருவாட்டி பேசிப் பாரேன்” என்றார்.

நான் கத்திவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. ‘அல்லது’வுக்கு அர்த்தம் தெரியாதவனை யார் இந்த நாற்காலியில் உட்கார வைத்தது என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். போலீசைக் கூப்பிடுவேன் என்றார் அவர்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். “நீ செத்த வாய மூடு” என்றாள். பிறகு அந்த மேசைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“எனக்குச் சான்றிதழ் குடுக்க வேணாம் சார். இல்லைன்னு எழுதிக் குடுங்க. இன்ன காரணத்துக்காக இல்லைன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாங்கிக்கிட்டுப் போயிருறேன்.”

எழுந்திரும்மா என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் கடந்தும் அவள் அசையவில்லை. கடைசியில் உள்ளறையிலிருந்து மேலதிகாரி வந்தார். விவரம் கேட்டார். மேசைக்காரரை முறைத்தார். நீதிமன்ற உத்தரவு இணைக்கப்படாததால் நிராகரிக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

அந்தத் தாளை வைத்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்தோம். அவர் விதியைப் படித்தார், எங்களைப் பார்த்தார், “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றார். சான்றிதழ் கிடைத்தது. ஆனால் அதற்குள் சத்துணவுக்கூட வேலைக்கு ஆள் எடுத்து முடித்திருந்தார்கள்.

சான்றிதழ் வந்த அன்று அக்கா அதை லேமினேஷன் செய்யக் கொடுத்துவிட்டு, கடை வாசலில் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்படி நின்றது எனக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது.

“ஒனக்குக் கோவமே வராதாக்கா? ஒரு சொல்லு படிக்கத் தெரியாதவனால ஒரு வேலையே போச்சு.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

“எனக்குக் கோவம் இல்லைன்னு நீயா நெனச்சுக்கிட்டியா? நீ கத்திட்டு மதுரைக்குப் பஸ்ஸேறிப் போயிருவ. நாளைப்பின்ன ஒரு சாதிச் சான்றுக்கோ வருமானச் சான்றுக்கோ அதே மேசைக்கு முன்னாடி நாந்தான போயி நிக்கணும்?”

கடைக்காரர் சூடு ஆறாத அட்டையை நீட்டினார். அவள் அதை முந்தானையால் துடைத்து, மடங்காமல் பையில் வைத்துக்கொண்டு, மில்லு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நடந்தாள்.